மொட்டைப் பப்பாளியும் வீட்டுக்குள் பெய்த மழையும்

சுகாதாரப் பரிசோதகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தாறு வருடம் நான் ஒன்றை மட்டும் உறுதியாக நம்பினேன். தேங்கிய தண்ணீரைக் கண்டால் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்த்தால் கொசு போகும், கொசு போனால் டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல் போகும், டிங்கி போனால் மேலதிகாரி சிரிப்பார், நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். பூச்சாடி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மாமியார் வீட்டுக் குளியலறை வாளி, எதையும் நான் விட்டதில்லை. அந்தக் கடைசி வாளிக்குப் பிறகு மூன்று தீபாவளிக்கு எனக்கு அந்த வீட்டிலிருந்து முறுக்கு வரவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது முட்டாள்தனம், தீவு நாடு என்றால் தென்னை மரமும் பாட்டும் மட்டும்தான் என்று நினைத்தது. அங்கிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க நிறைய இருக்கும், அவர்கள் எனக்குச் சொல்ல எதுவும் இருக்காது என்று நினைத்தது. இந்த இரண்டு முட்டாள்தனமும் ஒரே காலையில் உடைந்தன. அதில் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னஞ்சிறு தீவு நாடுகளின் சுகாதார ஊழியர்களை இங்கே வரவழைத்துப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. தலைநகரில் மூன்று வாரம் வகுப்பு, மூன்று நாள் மட்டும் களத்தைப் பார்க்க எங்கள் ஊரான ஈப்போவுக்கு. எங்கள் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, களம் உங்கள் பொறுப்பு என்றார். எனக்கு உடனே பசித்தது. பயம் வந்தால் மற்றவர்களுக்கு என்ன ஆகுமோ தெரியாது. எனக்குப் பசிக்கும். அன்று சிற்றுண்டிச் சாலையில் மசாலா உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கரிபாப் நான்கைத் தின்றுவிட்டு உட்கார்ந்து, எண்பத்து நான்கு படங்கள் போட்ட ஒரு விளக்கவுரை தயாரித்தேன். எண்பத்து நான்கிலும் ஏதாவது ஒன்று கவிழ்ந்து கிடக்கும். சிலவற்றில் பக்கத்தில் நானும் நிற்பேன், புலி வேட்டைக்குப் போய் வந்தவன் மாதிரி.

நால்வர் வந்தார்கள். நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒருவரைத்தான். நாற்பது வயது நர்ஸ். தோட்டத்து ஆட்கள் நர்ஸைக் கூப்பிடுவது மாதிரி மிஸ்ஸி என்றே அவரைச் சொல்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். நாட்டின் பெயரையும் விட்டுவிடுகிறேன். சொன்னாலும், அதை வரைபடத்தில் கண்டுபிடிப்பதற்குள் உங்களுக்கு ஓய்வு வயது வந்துவிடும். அவருடைய தீவில் டாக்டர் கிடையாது, ஆறு கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் தீவுக்குப் படகில் போக ஒரு பகல் முழுவதும் வேண்டும். அவருடைய தீவுக்கும் இப்போது டிங்கி வந்துவிட்டது.

பதினோராவது படத்திலேயே மிஸ்ஸி கையைத் தூக்கினார்.

"கவிழ்த்த பிறகு அந்த வீட்டார் எதைக் குடித்தார்கள்?"

"குழாய்த் தண்ணீரை."

"உங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் குழாய் இருக்கிறதா?"

"ஏறக்குறைய."

அந்த 'ஏறக்குறைய' என்ற சொல்லுக்குள் பதினோரு வீடு இருந்தது. எனக்குத் தெரியும். விழுங்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். மிஸ்ஸி குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். நான் சொன்ன பொன்மொழியை எழுதுகிறார் என்று நினைத்து, அவர் எழுதி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்துக்கூட நின்றேன்.

அந்தப் பதினோரு வீடு கோப்பெங் ஊரைத் தாண்டி உள்ளே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல வருடமாயிற்று. தோட்டம் கைமாறியது, பலர் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், பதினோரு குடும்பம் மட்டும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தங்கிவிட்டது. மாற்று வீடு தருவதாகச் சொன்ன பேச்சு பேச்சாகவே நின்றது. ஓடைத் தண்ணீரை இழுத்த பம்பும் நின்றது. வாரம் ஒரு முறை தண்ணீர் லாரி வரும், சில வாரம் வராது. மீதிக்குத் தகரக் கூரையிலிருந்து வடிகிற மழைதான். வீட்டுக்கு ஒரு நீல டிரம், சில வீட்டில் இரண்டு.

இரண்டு மாதம் முன்பு நான் அங்கே போய் டிரம் மூடிகளைத் தூக்கிப் பார்த்தேன். கொசுப் புழு நெளிந்தது. குடிக்கிற தண்ணீரில் போடக்கூடிய புழு மருந்து நம்மிடம் உண்டு. ஆனால் 'வாடை அடிக்குது' என்று கழுவி ஊற்றிவிடுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒருவரையும் கேட்கவில்லை. கவிழ்ப்பது சுலபம், படமும் நன்றாக வரும். பதினோரு வீட்டு டிரம்மையும் ஒரே காலையில் கவிழ்த்தேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் மழை பெய்யவில்லை, லாரியும் வரவில்லை. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் திரும்பிப் போகவில்லை.

இப்போது விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். வண்டியை நிறுத்தியதும் என் நெஞ்சு விம்மியது. லயத்து வாசலில் ஒரு டிரம் கூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"பார்த்தீர்களா? மக்கள் ஒத்துழைப்பு!" என்று இரண்டு கையையும் விரித்தேன்.

மூன்று பேர் படம் எடுத்தார்கள். மிஸ்ஸி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூரை ஓரத்தில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் குழாய் பொருத்தியிருந்தது. அது சுவரோடு இறங்கி வளைந்து, சன்னல் பலகையை அறுத்த ஓட்டை வழியாக உள்ளே போனது. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும்.

"உங்கள் ஊரில் மழை வீட்டுக்குள்தான் பெய்யுமா?" என்று மிஸ்ஸி கேட்டார்.

எனக்குப் பசித்தது.

டிரம்களைப் படுக்கிற அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். எனக்குப் பயந்து. வெளியே இருந்த கொசுவை நானே வீட்டுக்குள் குடிவைத்திருக்கிறேன்.

"எங்கள் தீவிலும் இதைச் செய்தார்கள்," என்றார் மிஸ்ஸி. குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டு மழைநீர்த் தொட்டியைத் திறந்து வடித்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார். அடுத்த மழை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு அந்த வீட்டார் என்னிடம் எதையும் சொல்வதில்லை. காய்ச்சலைச் சொல்லவில்லை. மருமகள் பிள்ளை உண்டாகியிருப்பதைக்கூடச் சொல்லவில்லை."

சொல்லிவிட்டு முதல் வீட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் போனேன்.

முதல் வீடு பாக்கியம் அக்காவுடையது. ஐம்பது தாண்டியவர். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். கணவர் காலமாகிப் பல வருடம். ஒரே மகள் தேன்மொழி, தேனு என்பார்கள், ஈப்போவில் ஒரு பேரங்காடியில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிற பெண். அன்று வேலை நாள், ஆனால் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. அக்கா கதவுச் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"வாங்க கவுத்து தொரெ. இந்த வாட்டி என்னா கவுக்கப் போறீங்க? லயத்தையா?"

லயத்தில் எனக்கு அப்படிப் பட்டம் கட்டியிருந்தது அன்றுதான் தெரிந்தது. ஒரு காலத்தில் தொரெ என்றால் தோட்டத்து நிர்வாகி. எனக்கு அந்தப் பதவி இப்படிக் கிடைத்தது.

"என்ன சொல்கிறார்?" என்றார் மிஸ்ஸி.

"வரவேற்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இந்த ஆளு வீட்டுல பொண்டாட்டி கொழம்பு வச்சா அதையும் கவுத்துட்டுதான் சாப்புடுவாரான்னு கேளுங்க மிஸ்ஸி," என்றார் அக்கா, அவருடைய நர்ஸ் சீருடையைப் பார்த்து.

"சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்."

"சாப்பிடச் சொல்கிறவர் ஏன் கதவை மறிக்கிறார்?" என்றார் மிஸ்ஸி. "உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையா, கேளுங்கள்."

கேட்டேன். "யாருக்கும் ஒண்ணும் இல்ல லா. எல்லாம் நல்லா இருக்கு," என்றார் அக்கா. ஆனால் பதில் சீக்கிரம் வந்துவிட்டது.

அப்போதுதான் நான் அந்தப் பப்பாளி மரத்தைப் பார்த்தேன். வீட்டோரத்தில், ஆள் உயரத்துக்கு மேல், நல்ல காய்ப்புள்ள மரம். காய் இருந்தது. இலை ஒன்று கூட இல்லை. உச்சியில் இரண்டு குருத்து மட்டும் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வாசல் ஓரத்தில் உரல், உரலுக்குள் பச்சைச் சக்கை.

மிஸ்ஸிக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் தீவிலும் பப்பாளி உண்டு, பழத்தைத் தின்பார்கள், அவ்வளவுதான். நம் ஊரிலோ ஒருவருக்கு டிங்கி என்றால் தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவரும் ஒற்றுமையாகச் செய்கிற காரியம் பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுப்பது. ஒரு இலை, இரண்டு இலை போயிருந்தால் பரவாயில்லை. மரமே மொட்டையாக நின்றால், உள்ளே யாரோ நாலைந்து நாளாகப் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மரத்தையும், வாசலில் நிற்பது மகளின் மோட்டார் சைக்கிள் என்பதையும் மிஸ்ஸியிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இன்று காய்ச்சல் விட்டுவிட்டதா, கேளுங்கள்."

உங்களுக்கு இது பாடத்தில் இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். டிங்கியில் காய்ச்சல் அடிக்கிற நாளைவிடக் காய்ச்சல் விடுகிற நாள்தான் பயம். உடம்பு குளிர்ந்துவிட்டது, பிழைத்துவிட்டாள் என்று வீட்டார் சாமிக்கு விளக்கேற்றுகிற நேரத்தில்தான் உள்ளே எல்லாம் சரியும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல அதிகாரி என்ன செய்வார்? யோசிப்பார். நான் சட்டைப் பையிலிருந்து அதிகார அட்டையை எடுத்து அக்கா முகத்துக்கு நேராக நீட்டினேன். "அக்கா, எனக்கு உள்ள போக பவர் இருக்கு. தடுத்தா கேஸ் ஆயிரும்." அட்டையில் இருந்த என் படம் கூட என்னைவிடத் தைரியமாக இருந்தது.

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெரிய டாக்டருக்கு அழைத்தேன், அவர் கூட்டத்தில் இருந்தார். ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன், வழி கேட்டார்கள், எனக்குத் தோட்டத்துப் பெயரே மறந்துவிட்டது. "நெறைய செம்பனை இருக்கும்," என்றேன். எங்கே திரும்பினாலும் செம்பனையாக இருக்கிற பேராக் மாநிலத்தில் அது ஒரு அடையாளமா? காவல் துறைக்கு அழைக்கலாமா என்று யோசித்தபோது, மிஸ்ஸி என் கையிலிருந்த அட்டையை எடுத்து என் சட்டைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார். பொத்தானையும் போட்டுவிட்டார்.

"அவர் மகளை ஒளித்துவைக்கவில்லை," என்றார். "தண்ணீரை ஒளித்துவைக்கிறார். மகளைச் சொன்னால் தண்ணீர் போய்விடும் என்று பயப்படுகிறார். கவிழ்த்தது தப்பு என்று சொல்லுங்கள்."

"நானா?"

"கவிழ்த்தது யார்?"

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ எச்சரிக்கைக் கடிதம், நினைவூட்டுக் கடிதம், அபராதக் கடிதம் எழுதியவன் நான். மன்னிப்புக்கு எந்தப் படிவம் என்றே எனக்குத் தெரியாது. கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா... நான் கவுத்தது தப்புக்கா."

உள்ளே கொசு சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. என் காதாகவும் இருக்கலாம்.

"அக்கா, குடிக்கிற தண்ணினு தெரிஞ்சேதான் கவுத்தேன். அப்புறம் வந்து பாக்கக்கூட இல்ல. மன்னிச்சிருங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சத்தமா சொல்லு. அடுத்த லயத்துக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். என் குரல் உச்சத்துக்குப் போனால் கீச்சென்று ஆகிவிடும், என் மனைவிக்கும் தெரியும், இப்போது பதினோரு வீட்டுக்கும் தெரிந்தது. கதவுகள் திறந்தன, தலைகள் வந்தன. ஒருவர் சிரித்தார். மூன்றாவது வீட்டுக்காரர், "தொரெ, எங்க வூட்டு டிரம்முக்குத் தனியா சொல்லணும்," என்றார். அவருக்கும் சொன்னேன். ஐந்தாவது வீட்டுக்கும் சொன்னேன். அழுகை வருகிற மாதிரி இருந்ததை இருமலாக்கிக்கொண்டேன்.

தாழ்ப்பாள் விலகியது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, மிஸ்ஸியைத்தான் பார்த்தார்.

"காய்ச்சல் காலையில வுட்ருச்சு மிஸ்ஸி. ஆனா வயித்த வலிக்குதுங்குது. கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

உள்ளே இருட்டு. அறை மூலையில் நீல டிரம், அதற்கு ஒரு முழம் தள்ளி மெத்தை, மெத்தையில் தேனு. மிஸ்ஸி முட்டி போட்டு அவள் கையைப் பிடித்தார். பிடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கை குளிர்ந்து, வியர்த்து, நாடி நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் இன்னும் செம்பனைகளுக்குள் எங்களைத் தேடிக்கொண்டிருந்தது. மெத்தையோடு தூக்கி வண்டியின் பின் இருக்கையில் படுக்கவைத்தோம். மற்ற மூன்று விருந்தாளிகளையும் மூன்றாவது வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன், ஒரு சொல் விளக்கமில்லாமல். அவர் அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எந்தத் தண்ணீரில் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் ஓட்டினேன். வலப்பக்கம் திரும்ப விளக்குப் போடுகிறேன் என்று கண்ணாடி துடைப்பானைப் போட்டேன். நல்ல வெயிலில் அது பெருஞ்சாலை முழுவதும் கிரீச் கிரீச்சென்று ஆடிக்கொண்டே வந்தது. நிறுத்தவும் தெரியவில்லை. ஈப்போவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைக் கடந்து, எதிர்ப்பக்கமாகக் காம்பார் திசையில் போய்விட்டேன். பின்னாலிருந்து அக்கா சொன்னார்:

"தம்பி, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் லா. பொறந்த ஊரு ஈப்போதானே ஒனக்கு?"

தொரெ போய்த் தம்பி ஆகிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வண்டியைத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது மிஸ்ஸி ஒரு கையில் தேனுவின் நாடியைப் பிடித்திருந்தார். அவருடைய இன்னொரு கையை அக்கா பிடித்திருந்தார். மிஸ்ஸி தன் மொழியில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நாடியை எண்ணினாரோ, பிரார்த்தனையோ, நான் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தேனுவை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் பிந்தியிருந்தால் என்று வார்டு டாக்டர் ஆரம்பித்து, அக்கா நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சின்ன வயது டாக்டர். அந்த நிறுத்தத்துக்காகவே அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அன்று பிற்பகல் முழுவதும் நாங்கள் மூவரும் வெளியே நாற்காலியில் இருந்தோம். மிஸ்ஸி தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து என்னிடம் கொடுத்தார். காலையில் விருந்தாளிகளுக்கு நாங்கள் கொடுத்த கரிபாப். சாப்பிடாமல் எனக்காக எடுத்துவைத்திருந்திருக்கிறார். "உங்களுக்குப் பயம் வந்தால் பசிக்கிறது, நேற்றே கவனித்தேன்," என்றார். நான் எண்பத்து நான்கு படம் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கவனித்தது என்னை.

டாக்டர் வெளியே வரும்போதெல்லாம் மிஸ்ஸி எழுந்து நின்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். "ரத்த அணுக்களை எண்ணுகிற இயந்திரம் உங்களிடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு மட்டும் இருக்கிறது. யாரைப் படகில் ஏற்றுவீர்கள், யாரை வீட்டில் வைத்துப் பார்ப்பீர்கள்?" அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தார். என் எண்பத்து நான்கு படத்தில் ஒன்று கூட அதற்குப் பதில் சொல்லவில்லை. டாக்டர் மூன்றாவது முறை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வயிற்று வலி, வாந்தி, குளிர்ந்த கை, மயக்கம் என்று ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கீழே தன் கைத்தொலைபேசி எண்ணையும் எழுதினார்.

மறுநாள் மீதிப் படங்களைக் காட்ட வேண்டிய நாள். நால்வரும் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். முதலில் டிரம்களை வெளியே கொண்டுவந்தோம். புழு இருந்த தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, டிரம்மைத் தேய்த்துக் கழுவி, அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றினோம். ஒரு வாளி கூடத் தரையில் போகவில்லை. பிறகு டிரம்மின் வாயில் துணி கட்ட வேண்டும். மிஸ்ஸி கட்டிக் காட்டினார். துணி தொய்ந்தால் அதன் பள்ளத்திலேயே தண்ணீர் தேங்கும், கொசு அங்கேயே முட்டையிடும், அதனால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன், நீளமாக.

"எதுக்கு இம்புட்டுப் பேச்சு? உறுமி மேளம் மாரி இழுத்துக் கட்டணும், அதானே?" என்றார் பாக்கியம் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து உடை மாற்ற வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். கயிறு நழுவியது. மூன்றாவது வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பை எடுத்துவந்து, வளையம் வளையமாக வெட்டி, டிரம் கழுத்தில் மாட்டினார். துணி அசையவில்லை. விரலால் தட்டினால் சத்தம் வந்தது.

"ரப்பர் தோட்டத்துல பொறந்தவனுக்கு மிஸ்ஸி கயிறு கட்டச் சொல்லிக் குடுக்குறாங்க," என்றார் அவர். மொழிபெயர்த்தேன், இந்த முறை சரியாக. மிஸ்ஸி சிரித்துக்கொண்டே ஒரு ரப்பர் வளையத்தைக் கேட்டு வாங்கித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். அவர் தீவில் மோட்டார் சைக்கிள் நிறைய இருக்கிறதாம், பழைய டியூப்புக்குப் பஞ்சமில்லையாம், இது தோன்றவே இல்லையே என்றார்.

வேலையில் எதைக் கற்றுக்கொண்டீர்கள் என்று நாளைக்கு உங்களையும் யாராவது கேட்பார்கள். நான் கற்றது சின்னது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அங்கே இருக்கிற தண்ணீர் எதற்கு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போய்ப் பாருங்கள். திரும்பிப் போகாத அதிகாரியிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். கூரையைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், பப்பாளி மரத்தைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்றால்தான் உள்ளே படுத்திருக்கிறவள் கண்ணுக்குத் தெரிவாள். இது இல்லாமல் நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு என்பது கரிபாப் செலவுதான்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். 'வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் கொசு ஒழிப்புப் பயிற்சி வெற்றிகரமாக அளிக்கப்பட்டது.' பெரிய டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "யார் யாருக்கு அளித்தது?" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்த எனக்கு இரண்டு நாள் ஆனது. பதினோரு வீட்டுக்கும் லாரி வாரம் தவறாமல் வரவேண்டும் என்று இன்னொரு கடிதமும் எழுதினேன். அது நடக்க அதைவிட அதிக நாள் ஆனது. ஆனால் நடந்தது.

சில மாதம் கழித்து மிஸ்ஸியிடமிருந்து எனக்கும் அந்த வார்டு டாக்டருக்கும் ஒரே செய்தி வந்தது. 'கை குளிர்ந்திருந்தது. படகில் ஏற்றினேன். பிழைத்துக்கொண்டாள்.' கூடவே ஒரு படம். கடற்கரையோரம் ஒரு தொட்டி, வாயில் துணி, கழுத்தில் கறுப்பு ரப்பர் வளையம்.

கடைசியாக ஒன்று. தேனு ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மிஸ்ஸி அதற்குள் விமானம் ஏறிவிட்டார். நான் போனேன். தேனு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், மெலிந்து, சிரித்துக்கொண்டு. மொட்டைப் பப்பாளியில் இரண்டு இலை விரிந்திருந்தது. பாக்கியம் அக்கா டிரம் துணியை விலக்கி ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு, கொதிக்கவைத்து, ஆறவைத்து, கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"குடி தம்பி. இல்ல, இதையும் கவுக்கப் போறியா?"

பழக்கதோஷம், கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். புழு இல்லை. குடித்தேன்.